ஓடுகிற பஸ்ஸில் ஏறின கதை: ரோசெட்டாவும் ஃபிலேவும்

ஒரு காலத்தில் என்னிடம் பிளஸ் டூ இயற்பியல் படித்து, இப்போது பாலாடா பக்கம் கேரட் போடுகிற தம்பி ஒருவன் போன வாரம் கேட்ட கேள்வி இது: "சார், ஐரோப்பாக்காரங்க ஒரு வால்நட்சத்திரத்துக்கு ரோசெட்டான்னு விண்கலம் அனுப்பி, அதுல இருந்து ஒரு லேண்டரை இறக்குனாங்களாம். அது குதிச்சுக் குதிச்சுப் போயி ஏதோ பாறை இடுக்குல விழுந்து, ரெண்டரை நாள்ல பேட்டரி தீந்து நின்னுபோச்சாம். பத்து வருஷப் பயணம், ரெண்டரை நாள் வேலை. இதை எதுக்கு சாதனைன்னு சொல்றாங்க? நம்ம சந்திரயான்-3 அலுங்காம குலுங்காம இறங்குச்சே!"

வாட்ஸ்அப்பில் நாலு வரியில் முடித்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். முடியவில்லை. அதனால் இங்கே நீட்டி எழுதுகிறேன்.

தம்பி, முதலில் ஒரு விஷயம். நீ சொல்கிற லேண்டர், அதன் பெயர் ஃபிலே, அந்தத் திட்டத்தின் ஒரு பங்குதான். ரோசெட்டா புறப்பட்டபோது சுமார் 3,000 கிலோ, அதில் பாதிக்கு மேல் எரிபொருள். ஃபிலே 100 கிலோ. ஃபிலே ஓய்ந்த பிறகும் ரோசெட்டா கிட்டத்தட்ட இரண்டு வருஷம் வேலை செய்தது. 2014 ஆகஸ்ட் 6 முதல் 2016 செப்டம்பர் 30 வரை அந்த வால்நட்சத்திரத்தின் (பெயர் 67பி) கூடவே இருந்தது. அது சூரியனை நெருங்கும்போது கூடவே போனது, விலகும்போதும் கூடவே போனது. அதற்கு முன் எந்த விண்கலமும் செய்யாதது இந்தக் 'கூடவே' தான். லேண்டர் படம் செய்தித்தாளில் வந்ததால் எல்லோருக்கும் அது மட்டும் ஞாபகம் இருக்கிறது.

கூடவே போவதில் என்ன கஷ்டம் என்று கேட்பாய். நீ ஊட்டியிலிருந்து குன்னூர் பஸ்ஸில் போகிறாய், எதிரே மேலே ஏறி வரும் பஸ்ஸில் ஜன்னலோரம் உன் மாமா உட்கார்ந்திருக்கிறார் என்று வை. முகம் தெரியும், அவ்வளவுதான். சட்டை என்ன நிறம் என்று யோசிப்பதற்குள் பஸ் போய்விடும். 1986 மார்ச்சில் ஹாலி வால்நட்சத்திரத்தை ஜியோட்டோ விண்கலம் பார்த்தது இப்படித்தான். 596 கிலோமீட்டர் கிட்டத்தில் கடந்தது, ஆனால் நொடிக்கு 68 கிலோமீட்டர் வேகத்தில். தூசி மோதி ஆட்டம் கண்டது, கேமராவும் போனது. 2005 ஜூலை 4 அன்று டீப் இம்பாக்ட் என்ற அமெரிக்கக் கலம், டெம்பெல் 1 என்ற வால்நட்சத்திரத்தின் மேல் 370 கிலோ எடையுள்ள ஒரு துண்டை வேண்டுமென்றே மோதவிட்டு, தெறித்ததைப் பார்த்துக்கொண்டே தாண்டிப் போனது. ஸ்டார்டஸ்ட் 2004இல் வைல்டு 2-இன் தூசியைக் கடந்துபோகிறபோதே அள்ளி, 2006இல் பூமிக்குக் கொண்டு வந்து சேர்த்தது. எல்லாம் பெரிய வேலைகள்தான். ஆனால் எல்லாமே எதிர் பஸ் தரிசனம்.

ரோசெட்டா செய்தது ஓடுகிற பஸ்ஸில் ஏறுவது. பஸ் நிற்காது. அதன் வேகத்துக்கு நீ ஓடி, பக்கத்தில் வந்து, கம்பியைப் பிடிக்க வேண்டும். இங்கே 'பஸ்' சூரியனைச் சுற்றி நொடிக்குச் சுமார் 15 கிலோமீட்டர் போகிறது. அந்தப் பாதையையும் வேகத்தையும் ஒரே தூக்காகத் தரக்கூடிய ராக்கெட் கையில் இல்லை. அதனால் கோள்களிடம் வேகத்தைக் கடன் வாங்கினார்கள். 2004 மார்ச் 2 அன்று கிளம்பி, 2005இல் பூமியை ஒட்டி ஒரு தடவை, 2007 பிப்ரவரியில் செவ்வாயை வெறும் 250 கிலோமீட்டர் உயரத்தில் உரசிக்கொண்டு, அதே வருஷம் நவம்பரில் மறுபடி பூமி, 2009 நவம்பரில் இன்னொரு தடவை பூமி. ஒவ்வொரு முறையும் கோளின் ஈர்ப்பு அதை இழுத்து வேறு பாதையில் தூக்கிப் போட்டது. போகிற வழியில் ஷ்டெய்ன்ஸ், லுட்டீஷியா என்று இரண்டு சிறுகோள்களையும் எட்டிப் பார்த்தது. மொத்த ஓட்டம் சுமார் 640 கோடி கிலோமீட்டர். கடைசியில் 2014 மே முதல் ஆகஸ்ட் வரை மட்டும் பத்துத் தடவை எஞ்சினை எரித்து, வால்நட்சத்திரத்துக்கும் தனக்கும் இருந்த வேக வித்தியாசத்தை நொடிக்கு 775 மீட்டரிலிருந்து சுமார் ஒரு மீட்டருக்குக் கொண்டுவந்தது. நடந்துபோகிற வேகம்! பத்து வருஷம் எதற்கு என்று கேட்டாயே, இதற்குத்தான்.

(இன்னொரு வேடிக்கை. முதலில் போக நினைத்தது இந்த வால்நட்சத்திரத்துக்கே இல்லை, விர்ட்டனென் என்ற வேறொன்றுக்கு. 2002 டிசம்பரில் ஏரியன் 5 வகை ராக்கெட் ஒன்று தோற்றதால் 2003 ஜனவரியில் கிளம்ப வேண்டியது தள்ளிப்போய், அந்தப் பஸ் போய்விட்டது. அடுத்த பஸ்தான் 67பி. 1969இல் அல்மா-ஆட்டாவில் எடுத்த ஒரு புகைப்படத் தகட்டில் சுர்யுமோவ், கெராசிமென்கோ என்ற இருவர் கண்டுபிடித்தது. ஆறரை வருஷத்துக்கு ஒருமுறை சூரியனைச் சுற்றுவது.)

இந்தப் பயணத்தில் எனக்கு ரொம்பப் பிடித்த கட்டம், எதுவுமே நடக்காத கட்டம். ரோசெட்டாவுக்கு அணு மின்கலம் கிடையாது, சூரியத் தகடுகள் மட்டும்தான். இறக்கை விரித்தால் முனைக்கு முனை 32 மீட்டர். ஆனால் சூரியனிலிருந்து கிட்டத்தட்ட 80 கோடி கிலோமீட்டர் தள்ளி, வியாழன் இருக்கும் தூரத்துக்குப் போனபோது, அவ்வளவு பெரிய இறக்கையிலிருந்தும் கிடைத்தது 395 வாட். உன் வீட்டு மிக்ஸிக்குக் காணாது. அதனால் 2011 ஜூன் 8 அன்று அதைத் தூங்க வைத்தார்கள். ரேடியோவும் அணைந்தது. 31 மாதம் ஒரு பேச்சு இல்லை. அலாரம் வைத்தது 2014 ஜனவரி 20.

அந்த இரவு எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. ஜனவரி என்றால் தெரியுமே, தலைகுந்தா பக்கம் விடியலில் புல்லெல்லாம் உப்புக் கொட்டினதுபோல் வெளுத்துக் கிடக்கும் காலம். கரி அடுப்பைக் காலடியில் வைத்துக்கொண்டு, கம்பளியைப் போர்த்திக்கொண்டு கணினி முன்னால் உட்கார்ந்திருந்தேன். நம்ம நேரப்படி ராத்திரி 11 மணியிலிருந்து 12 மணிக்குள் சிக்னல் வர வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். ஜெர்மனியில் டார்ம்ஸ்டாட் கட்டுப்பாட்டு அறையில் எல்லோரும் ஒரு திரையையே பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். திரையில் பச்சைக் கோடு ஒன்று, புல்வெளி மாதிரி சொரசொரப்பாக ஓடிக்கொண்டிருக்கிறது. பதினொன்றரை ஆயிற்று, ஒன்றும் இல்லை. பதினொன்றே முக்கால், இல்லை. என் மனைவி உள்ளேயிருந்து, "அது எந்திரிக்கிறப்ப எந்திரிக்கட்டும், நீங்க வந்து படுங்க" என்கிறாள். 11 மணி 48 நிமிஷத்துக்கு அந்தப் புல்வெளியின் நடுவே ஒரு முள் நிமிர்ந்தது. அவ்வளவுதான் சிக்னல். அங்கே நரைத்த தலைக்காரர்கள் எல்லாம் குதிக்கிறார்கள்.

சரி, வால்நட்சத்திரத்துக்கு வருவோம். கிட்டே போய்ப் பார்த்தால் அது உருண்டையே இல்லை. நம்ம மண்டியில் தரம் பிரிக்கும்போது ஒதுக்கிவைக்கிற, இரண்டு கிழங்கு ஒட்டிப் பிறந்த உருளைக்கிழங்கு பார்த்திருப்பாய். அச்சு அசல் அதுதான். பெரிய பாதி நான்கு கிலோமீட்டர் நீளம், சின்னது இரண்டரை. நடுவில் ஒடுங்கிய கழுத்து. ஒரே கிழங்கு தேய்ந்து இப்படி ஆனதா, இரண்டு ஒட்டியதா என்று கொஞ்ச நாள் சண்டை. இரண்டு பாதியிலும் வெங்காயத் தோல் மாதிரி அடுக்குகள் இருக்கின்றன, ஒன்றின் அடுக்கு மற்றதோடு பொருந்தவில்லை. ஆகவே தனித்தனியாக உண்டான இரண்டு, மெதுவாக முட்டி ஒட்டிக்கொண்டவை என்று முடிவாயிற்று. வேகமாக மோதியிருந்தால் இரண்டும் தூளாகியிருக்கும்.

எடை சுமார் 1,000 கோடி டன். பெரிதாகத் தோன்றும், ஆனால் அந்த அளவுக்கு அது ரொம்ப லேசு. அடர்த்தி தண்ணீரில் பாதிதான். ஊட்டி ஏரியில் போட முடிந்தால் மிதக்கும். உள்ளே முக்கால் பங்கு வெற்றிடம். நிறமோ கரி. படும் ஒளியில் ஆறு சதவீதத்தைத்தான் திருப்பி அனுப்பும். படங்களில் சாம்பல் நிறமாகத் தெரிவது வெளிச்சத்தைக் கூட்டிப் போட்டதால். 'அழுக்குப் பனிப்பந்து' என்று பாடப்புத்தகத்தில் நானே சொல்லிக் கொடுத்திருக்கிறேன். இப்போது கேட்டால் பனி கலந்த அழுக்கு என்பேன்.

இப்போது லேண்டர். நீ சந்திரயானோடு ஒப்பிட்டதால் சொல்கிறேன், இரண்டும் நேர் எதிரான பிரச்சினைகள். நிலவுக்கு நல்ல ஈர்ப்பு இருக்கிறது, காற்று இல்லை. எஞ்சினை எரித்து வேகத்தைக் குறைக்காவிட்டால் போய் மோதிச் சிதறும். அங்கே பயம் விழுந்துவிடுவோம் என்பது. இங்கே பயம், விழுந்தாலும் நிற்கமாட்டோம் என்பது. 67பி-யின் ஈர்ப்பில் 100 கிலோ ஃபிலேவின் கனம் ஒன்றிரண்டு கிராம், ஒரு கறிவேப்பிலை இணுக்கு அளவு. நொடிக்கு ஒரு மீட்டர் வேகம் கிடைத்தால் அங்கிருந்து தப்பி வெளியே போய்விடலாம். நீ அங்கே நின்று சாதாரணமாக ஒரு குதி குதித்தால் திரும்பி வரமாட்டாய்.

அதனால் பிடித்துக்கொள்ள மூன்று ஏற்பாடுகள் வைத்திருந்தார்கள். கால்களில் துளைத்து இறங்கும் திருகாணி, கயிறு கட்டிய இரண்டு ஈட்டி, தலையில் கீழ்நோக்கி அழுத்தும் ஒரு வாயுப் பீச்சி. 2014 நவம்பர் 12. முந்தின ராத்திரியே பீச்சி வேலை செய்யாது என்று தெரிந்துவிட்டது. இருந்தாலும் விட்டார்கள். இருபத்திரண்டரை கிலோமீட்டர் உயரத்திலிருந்து, திசை திருப்ப எஞ்சின் ஏதும் இல்லாமல், ஏழு மணி நேரம் மிதந்து இறங்கியது. நம்ம நேரப்படி ராத்திரி 9:33க்குத் தொட்டுவிட்டது என்று செய்தி வந்தது. அங்கிருந்து வர 28 நிமிஷம் ஆகும், அதாவது உண்மையில் தொட்டது 9:04க்கு. எங்கள் பக்கம் அன்றைக்கு வடகிழக்குப் பருவமழை, கரண்ட் வருவதும் போவதுமாக இருந்தது. கைதட்டலைப் பார்த்துவிட்டு, சந்தோஷமாகப் படுத்துவிட்டேன். விடிந்து பார்த்தால் கதையே வேறு.

ஈட்டிகள் பாயவில்லை. திருகாணியும் பிடிக்கவில்லை. தொட்ட வேகத்தில் மூன்றில் ஒரு பங்கு வேகத்தோடு மேலே எழும்பிவிட்டது. நொடிக்கு 38 சென்டிமீட்டர். பூமியில் அந்த வேகத்தில் எழும்பினால் ஒரு சென்டிமீட்டர்கூட உயராது. அங்கே அது சுமார் ஒரு கிலோமீட்டர் உயர்ந்து, கிட்டத்தட்ட இரண்டு மணி நேரம் மிதந்தது. நாங்கள் கைதட்டிக்கொண்டிருந்தபோது அது அந்தரத்தில் உருண்டுகொண்டிருந்தது! கீழே வந்து இன்னொரு சின்னக் குதி குதித்து, கடைசியில் ஒரு செங்குத்துப் பாறையின் நிழலில் ஒருக்களித்துக் கிடந்தது. பன்னிரண்டரை மணி நேரச் சுற்றில் ஒன்றரை மணி நேரம்தான் வெயில். பேட்டரி சார்ஜ் ஏறாது. நவம்பர் 15 அதிகாலையில் தூங்கிப்போனது.

இனி உன் 'ரெண்டரை நாள்' கணக்கு. அந்த இரண்டரை நாளில் முதல் கட்டத்துக்கென்று எழுதிவைத்த வேலைகளில் 80 சதவீதத்தை அது முடித்துவிட்டது. முதல் கட்டமே பேட்டரியில் இரண்டரை நாளில் முடிக்கிற மாதிரிதான் திட்டம் போட்டிருந்தார்கள். நம்ம சந்திரயான்-3இன் லேண்டர் விக்ரமும் ஒரு நிலவுப் பகல் வேலை செய்துவிட்டு 2023 செப்டம்பர் தொடக்கத்தில் தூங்கினதுதான், பிறகு எழவில்லை. அதை யாராவது தோல்வி என்கிறோமா?

குதித்ததிலும் லாபம் இருந்தது, கேள். ஓரிடத்தில் மட்டும் நின்றிருந்தால் அந்த ஓரிடத்தின் காந்தப்புலம்தான் தெரிந்திருக்கும். குதித்துக் குதித்துப் போனதால் வெவ்வேறு உயரத்தில், வெவ்வேறு இடத்தில் அளந்தது. விளைவு: வால்நட்சத்திரத்துக்கென்று சொந்தக் காந்தம் எதுவும் இல்லை. முதலில் தொட்ட இடத்தில் கிளம்பிய தூசி நேராக அதன் மூக்குக்குள் போனதால் கரிமச் சேர்மங்களை மோப்பம் பிடித்தது. அந்த இடத்தில் மேலே ஒரு சாண் அளவுக்குப் பொலபொலவென்ற மண். கடைசியாகக் கிடந்த இடத்திலோ சுத்தியல் வைத்த கோலால் அடித்து அடித்துப் பார்த்தும் இறங்கவில்லை, அவ்வளவு கெட்டி. நடுவில் இடித்த பாறையை 2020இல் படங்களிலிருந்து கண்டுபிடித்தார்கள். ஃபிலே இடித்த இடத்தில் உள்ளே பழைய பனி வெளியே தெரிந்தது, அதன் உறுதி காபி நுரையைவிடக் குறைவு. ஒரே வால்நட்சத்திரத்தில் நுரையும் கல்லும். சொன்னபடி ஒழுங்காக ஓரிடத்தில் நின்றிருந்தால் இது நமக்குத் தெரிந்திருக்காது.

ரோசெட்டா மேலிருந்து கண்டுபிடித்ததுதான் இன்னும் பெரிய கதை. பூமிக் கடல் தண்ணீர் எங்கிருந்து வந்தது என்பது பழைய கேள்வி. வால்நட்சத்திரங்கள் மோதிக் கொண்டுவந்து கொட்டியவை என்பது ஒரு பதில். சாதாரண ஹைட்ரஜனோடு கொஞ்சம் கன ஹைட்ரஜனும் தண்ணீரில் இருக்கும், அந்த விகிதம் ஊருக்கு ஊர் மாறும், கைரேகை மாதிரி. 67பி-யின் நீராவியில் அது பூமிக் கடலைப் போல மூன்று மடங்கு. ஆகவே நம்ம தண்ணீர் இங்கிருந்து வரவில்லை என்று 2014 டிசம்பரில் சொன்னார்கள். பல வருஷம் நானும் அதையே வகுப்பில் சொன்னேன். ஆனால் 2024 இறுதியில் அதே ரோசெட்டா அளவுகளை மறுபடி அலசிய ஓர் ஆய்வு, தூசி பக்கத்தில் இருக்கும்போதுதான் விகிதம் எகிறுகிறது, தூசி குறைந்த இடத்தில் பூமியை ஒட்டி வருகிறது என்கிறது. ஆக, கேள்வி மறுபடி திறந்திருக்கிறது. எனக்கு இதில் வருத்தம் இல்லை. கலம் ஓய்ந்து எட்டு வருஷம் கழித்தும் அதன் கணக்கேடு வேலை செய்கிறதே!

அப்புறம் வாசனை. அதில் அழுகிய முட்டை நாற்றமுள்ள ஹைட்ரஜன் சல்பைடு, அம்மோனியா, ஹைட்ரஜன் சயனைடு, ஃபார்மால்டிஹைடு எல்லாம் இருக்கின்றன. ஏரிக்கரையில் சவாரிக் குதிரைகள் நிற்கும் இடத்தில் மழை விட்டு வெயில் அடித்தால் எப்படி இருக்கும், அதோடு கெட்ட முட்டையையும் சேர்த்துக்கொள். அந்த நாற்றத்துக்கு நடுவேதான் கிளைசின் என்ற அமினோ அமிலமும் பாஸ்பரஸும் அகப்பட்டன. யாரும் எதிர்பார்க்காமல் ஆக்சிஜன் மூலக்கூறும் இருந்தது.

சூரியனை மிகக் கிட்டே நெருங்கியது 2015 ஆகஸ்ட் 13. அந்த நாட்களில் நொடிக்கு 300 கிலோ நீராவி கிளம்பியது. உன் வீட்டு மாடியில் இருக்கிற ஆயிரம் லிட்டர் தொட்டி மூன்றரை நொடிக்குள் காலி. பனி உருகித் தண்ணீராகவில்லை, கற்பூரம் மாதிரி நேராக ஆவியாகிறது. கூடவே தூசியையும் வாரிக்கொண்டு கிளம்புகிறது. கூடப் போவதில் இருக்கிற ஆபத்து இங்கேதான். ரோசெட்டா நட்சத்திரங்களைப் பார்த்துத்தான் தன் திசையை அறியும். 2015 மார்ச் 28 அன்று 14 கிலோமீட்டர் வரை கிட்டே போனபோது, வெயிலில் மினுங்கிய தூசியை எல்லாம் நட்சத்திரம் என்று நினைத்துக் குழம்பிவிட்டது. ராத்திரியில் லவ்டேல் பக்கம் மேகம் இறங்கியிருக்கும்போது ஹை பீம் போட்டு ஓட்டிப் பார்த்திருப்பாய், ரோடு தெரியாது, வெள்ளைப் பொடிதான் தெரியும். அதே நிலை. தானாகவே வேலைகளை நிறுத்திப் பாதுகாப்பு நிலைக்குப் போய்விட்டது. அதற்குப் பிறகு பல மாதம் தள்ளி நின்றுதான் பார்த்தது.

நம்ம ஊருக்கும் இதில் ஒட்டுறவு உண்டு. முத்தோரை மலைச்சரிவில் உருளைக்கிழங்கு ஆராய்ச்சி நிலையம் இருக்கிற அதே ஊரில் நிற்கிறதே ரேடியோ தொலைநோக்கி, 530 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலம், 1970இல் எழும்பியது, அதன் சூட்சுமமும் கூடவே போவதுதான். சரிவின் சாய்வும் ஊட்டியின் அட்சரேகையும் ஒன்று, சுமார் 11 டிகிரி. அதனால் அதன் நீள அச்சு பூமியின் அச்சுக்கு இணையாகக் கிடக்கிறது. ஒரே அச்சில் மெதுவாகத் திருப்பினால் போதும், வானில் ரேடியோ அலை அனுப்பும் ஒரு மூலத்தை ஒன்பதரை மணி நேரம் பிடித்துக்கொண்டே போகலாம். கோஹூடெக், ஹாலி வால்நட்சத்திரங்கள் வந்தபோது, அவற்றின் வாலுக்குப் பின்னால் இருந்த ரேடியோ மூலங்கள் எப்படி மினுங்குகின்றன என்று இங்கிருந்து பார்த்தார்கள். ஃபிலேவும் ரோசெட்டாவும் ஆளுக்கொரு பக்கம் நின்று, வால்நட்சத்திரத்தின் ஊடாக ரேடியோ அலை அனுப்பி அதன் உட்புறத்தை அளந்தன என்று படித்தபோது எனக்கு முத்தோரைதான் ஞாபகம் வந்தது.

செலவு எல்லாம் சேர்த்து சுமார் 140 கோடி யூரோ. இருபது வருஷத்துக்கு, பல நாடுகள் பங்கு போட்டது. அதிகமா இல்லையா என்பதை நீயே முடிவு செய்துகொள், நான் வாத்தியார், கஜானா என் கையில் இல்லை.

ஃபிலே 2015 ஜூன் 13 அன்று ஒருமுறை விழித்துப் பேசியது. ஜூலை 9க்குப் பிறகு சத்தமில்லை. எங்கே கிடக்கிறது என்றே தெரியாமல் இருந்தது. ரோசெட்டாவுக்கு இன்னும் ஒரு மாதம்கூட மிச்சமில்லாதபோது, 2016 செப்டம்பர் 2 அன்று 2.7 கிலோமீட்டரிலிருந்து எடுத்த படத்தில் அகப்பட்டது. செப்டம்பர் 30 அன்று ரோசெட்டாவையும் அதே வால்நட்சத்திரத்தின் மேல் மெதுவாக இறக்கினார்கள். சூரியனை விட்டு விலகிப் போவதால் மறுபடி மின்சாரம் போதாது, இன்னொரு தூக்கத்திலிருந்து எழும் என்ற நம்பிக்கையும் இல்லை. கடைசி நிமிஷம் வரை படம் அனுப்பிக்கொண்டே போனது. நம்ம நேரம் மாலை 4:49க்கு அந்தப் பச்சை முள் சாய்ந்தது. இரண்டும் இப்போது அதன் மேலேயே சுற்றிக்கொண்டிருக்கின்றன. 2021 நவம்பரில் ஒரு தடவை சூரியனைச் சுற்றிவிட்டுப் போயின, அடுத்தது 2028.

அந்த செப்டம்பர் 2 படத்தைப் பெரிதாக அச்சுப் போட்டு வீட்டில் மாட்டியிருக்கிறேன். கேரட் லோடு ஏற்றிவிட்டு வருகிற வழியில் ஒருநாள் வந்து பார். பாறை இடுக்கில் அதன் உடலும் மூன்றில் இரண்டு காலும் தெரியும். எங்கே என்று நான் காட்டமாட்டேன், நீயே தேடு. எனக்கு அரை மணி நேரம் ஆயிற்று.